நீண்ட இடைவெளிக்குப் பின் உடற்பயிற்சி: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதாந்த கிளினிக்கில் இரத்தத்தில் சீனியின் அளவு கூடியிருப்பதாகவோ பிரஷர் ஏறியிருப்பதாகவோ வைத்தியர் சொன்ன மறுநாளே, புதிய சப்பாத்து வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவோர் நம் பகுதியில் பலர். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம், வாவிக்கரை, காந்திப் பூங்கா ஆகிய இடங்களிலும், அம்பாறை மாவட்டத்தில் கல்முனை முதல் அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையான கரையோரத்திலும் விடியற்காலையில் இவர்களைக் காணலாம். மூன்று நான்கு கிழமைகள் கழிந்ததும் அவர்களில் பலர் வருவதில்லை. சோம்பல்தான் காரணம் என்று வீட்டார் சொல்வதுண்டு. அது நியாயமான தீர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை. முழங்கால் வீங்கியோ, குதிகால் நொந்தோ, உடல் முழுவதும் அலுத்துப்போயோ அவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்த நோவுக்கும் அலுப்புக்கும் காரணம் பெரும்பாலும் தொடங்கிய முறையில்தான் இருக்கிறது.

முதல் தவறு, பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடிய உடலையும், சைக்கிளில் வயலுக்குப் போய்வந்த உடலையும் நினைவில் வைத்துக்கொண்டே நாற்பத்தைந்து வயதுக்காரர் தம் இலக்கைத் தீர்மானிக்கிறார். இடையில் இருபது ஆண்டுகள் அலுவலகக் கதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் கழிந்துவிட்டன. சந்திக் கடையில் பாண் வாங்குவதற்குக்கூட அவர் நடந்து போனதில்லை. வயலும் முன்னைய வயலாக இல்லை. உழுவதும் அறுவடை செய்வதும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டதால், "நான் வேளாண்மை செய்கிறவன், எனக்கு எதற்குப் பயிற்சி" என்று சொல்பவர் வரம்பில் நின்று மேற்பார்வை செய்பவராக மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே, இன்றைக்கு இந்த உடலால் நோவில்லாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்பதை மட்டுமே அளவாகக் கொள்ள வேண்டும். அது பத்து நிமிடமாக இருந்தால், பத்து நிமிடம்தான் தொடக்கப் புள்ளி.

இதைவிட முக்கியமான, ஆனால் அதிகம் பேசப்படாத விடயம் ஒன்று உண்டு: உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு கிழமைகளுக்குள்ளேயே இரத்தத்தின் திரவப் பகுதி பெருகுகிறது; அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைத் தள்ளுகிறது, முன்பு மூச்சு வாங்கிய தூரம் இலகுவாகிறது. தசைகளை இயக்கும் நரம்புகளும் விரைவாகத் தேறுவதால், தசை பருக்கும் முன்பே பலம் கூடிவிட்டதாக உணர்கிறோம். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும், பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த இழையமும், எலும்பும் அவ்வாறு விரைந்து மாறுவதில்லை; அவை புதிய சுமைக்கு ஏற்பத் தம்மை உறுதியாக்கிக்கொள்ள மாதக்கணக்கில் எடுக்கின்றன. மூன்றாம் நான்காம் கிழமையில்தான் இந்த வேறுபாடு ஆபத்தாகிறது. மூச்சு இலகுவாகிவிட்டது, உற்சாகம் பிறந்துவிட்டது, நடையை ஓட்டமாக்கலாம், தூரத்தை இரட்டிப்பாக்கலாம் என்று மனம் சொல்கிறது. குதிகாலும் கணுக்காலின் பின்புறத் தசைநாணும் முழங்காலும் அதற்கு இன்னும் தயாராகவில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் ஏற்படும் நோவு இக்கட்டத்தில் தொடங்குவது மிகவும் பொதுவானது. ஆகையால் மூச்சு அனுமதிக்கும் அளவைத் தாண்டாதிருந்தால் மட்டும் போதாது. மூச்சு அனுமதித்தாலும் அந்த அளவுக்கு உடனே போகாதிருப்பதே முதல் மூன்று மாதங்களுக்கான நெறி.

எவ்வளவு போதும் என்பதிலும் தவறான எண்ணங்கள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்செயற்பாடு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்செயற்பாடு வேண்டும். அத்துடன் கிழமைக்கு இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும். இந்த எண்களைப் படித்துவிட்டு முதற்கிழமையே 150 நிமிடத்தை எட்ட முயல்வது தவறு. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதளவேனும் செய்வது நல்லது என்றும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றும் அதே வழிகாட்டலே சொல்கிறது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்த நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டுவிட்டது. முதற்கிழமை நாளுக்குப் பத்து நிமிடமாக ஐந்து நாள் நடந்து, பின்னர் கிழமைதோறும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அரை மணி நேரத்தை அடைந்துவிடலாம். ஐந்து நாளுக்கு அரை மணி நேரம் என்பதுதான் அந்த 150 நிமிடம். நாளுக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்ற எண்ணமும் பலரைச் சோர்வடையச் செய்கிறது. அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரால் பரவியதேயன்றி, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரக் கருவி எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வசனங்களில் பேச முடிந்து, ஆனால் பாட முடியாதிருந்தால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் அது கடுமையான வேகம். தொடங்குபவர் அங்கே இருக்கத் தேவையில்லை. வயதை 220இலிருந்து கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணிப்பது ஒரு தோராயம் மட்டுமே. அட்டெனோலோல், பைசோபிரோலோல் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு மருந்தாலேயே குறைக்கப்பட்டிருப்பதால், அவர்கள் அந்தக் கணக்கை நம்பித் தங்களை வருத்தக் கூடாது.

ஆண்டில் ஒருமுறை உடலைக் கடுமையாக வருத்துவதையும் தவறாகவே எண்ணுகிறேன், அது மரியாதைக்குரிய நோக்கத்தோடு செய்யப்பட்டாலும்கூட. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டத்துக்கும் கயிறிழுத்தலுக்கும் திடீரெனப் பெயர் கொடுப்பவர்கள், பழைய மாணவர்களின் மென்பந்துப் போட்டியில் ஓர் ஓட்டத்துக்காகப் பாய்பவர்கள் ஆகியோரிடையே தொடையின் பின்புறத் தசை கிழிவதும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுவதும் நேர்கின்றன. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, எப்போதாவது மட்டுமே விளையாடும் ஆண்களுக்கே இத்தசைநாண் அறுதல் அதிகம் ஏற்படுகிறது. உகந்தை வழியாகக் காட்டுக்குள் நடந்து கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை அடியார்களுக்கும் இது பொருந்தும். ஆண்டு முழுவதும் நடக்காதவர், கொடியேற்றத்துக்குச் சில நாட்களுக்கு முன் நேர்த்தி வைத்துப் புறப்பட்டுவிட்டால், பக்தி மனத்தைத் தாங்குமேயன்றிப் பாதத்தில் கொப்புளம் எழுவதைத் தடுக்காது. நேர்த்தி வைக்கும்போதே மூன்று நான்கு மாத நடைப்பழக்கத்தையும் விரதத்தின் ஒரு பகுதியாகக் கொள்வது நல்லது.

கடற்கரையில் பயிற்சி செய்வது நம் பகுதிக்குக் கிடைத்த நன்மை. அதே வேளை தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் அதுதான். கல்லடியிலோ பாலமீன்மடுவிலோ காரைதீவிலோ உலர்ந்த, கால் புதையும் மணலில் நடப்பதற்கு, கடினமான தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு சக்தி தேவைப்படுகிறது. கால் புதையும்தோறும் கெண்டைக்கால் தசையும் அதன் தசைநாணும் வழமையைவிட அதிகம் நீண்டு இழுபடுகின்றன. அலை ஈரப்படுத்திய இறுகிய மணல் இதைவிட இலகுவானது, ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் வெகுதூரம் நடப்பவரின் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இடுப்பிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் நோவு வர அதுவே போதும். முதல் சில கிழமைகளைப் பழைய கல்லடிப் பாலம், பாடசாலை மைதானம், வாகனம் குறைந்த உள்வீதி போன்ற சமதரையில் கழித்துவிட்டு, பிறகு கிழமைக்கு ஒரு நாள் மணலைச் சேர்த்துக்கொள்ளலாம். மணலுக்குப் போனாலும், போன தூரத்தையே திரும்பி வந்தால் இரு கால்களுக்கும் சுமை ஒத்துப்போகும். தேய்ந்த பாட்டாச் செருப்போடு அரை மணி நேரம் வேகமாக நடப்பது எந்தத் தரையிலும் சரியன்று. குதிகாலைத் தாங்குகிற, விரல்களை நெருக்காத சப்பாத்து ஒன்றுக்குச் செலவழிப்பது வீண்செலவாகாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மணலிலோ புல்லிலோ வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கிளிஞ்சல் ஓடு கீறியதை அவர்கள் உணராமலே போகலாம். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் பாதத்தின் அடியைப் பார்ப்பது அவர்களுக்குப் பயிற்சியின் ஒரு பகுதி.

வெப்பத்தைப் பொருட்படுத்தாமை இங்கு மிகக் கடுமையான விளைவைத் தரக்கூடியது. கடலும் வாவியும் சூழ்ந்த நிலத்தில் காற்றின் ஈரப்பதன் அதிகம் என்பதால் வியர்வை வடிகிறதேயன்றி இலகுவில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு வேறொரு குணம் உண்டு. அது வறண்டது, சூடானது. வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். இங்கே சூரியன் காலை ஆறு மணியையொட்டி உதிக்கிறது. ஏழரைக்குப் பிறகு வெயில் சுடத் தொடங்கிவிடும். எனவே ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிப்பது, அல்லது மாலை ஐந்தரைக்குப் பின் தொடங்குவது பொருத்தமானது. வெப்பத்தில் பயிற்சி செய்ய உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் வேகத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். மொத்தமான ஜக்கெட்டை அணிந்தோ வயிற்றில் பொலித்தீனைச் சுற்றியோ ஓடினால் கொழுப்பு கரையும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். கரைவது கொழுப்பன்று, இழக்கப்படுவது நீர், அடுத்த வேளை தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில் உடலின் வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு உயரலாம். தண்ணீரே போதுமான பானம். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால், சிறுநீரக நோயுள்ளவர்கள் அதையும், ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரின் அளவையும் தம் வைத்தியர் சொன்னபடியே வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடங்குவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மிடையே பயிற்சி தொடங்குவோரில் கணிசமானவர்கள் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். வைத்தியசாலைக் கிளினிக்குக்கு எப்படியும் போகிறோம். அங்கே, "நான் நடக்கத் தொடங்கப் போகிறேன், என் மருந்தில் மாற்றம் வேண்டுமா" என்று ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ அதன்பின் பல மணி நேரத்துக்குள்ளோ சீனி மட்டம் சடுதியாகக் குறையலாம்; மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. முதல் வகையினர் புறப்படும் முன் சீனி மட்டம் 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஏதாவது சிறிது சாப்பிட்டுவிட்டே நடக்க வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதற்காகச் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொதி ஒன்றை வைத்திருப்பது நல்ல பழக்கம். வெறும் வயிற்றில் நடந்தால்தான் பலன் என்ற நம்பிக்கை இவர்களுக்குத் தீங்கானது. நோன்பு காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பகுதி மக்களும், கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிப்போரும் பயிற்சி நேரத்தை நோன்பு திறந்த பின்னரோ விரதம் முடித்த பின்னரோ மாற்றிக்கொள்ளலாம்.

நீரிழிவுள்ளவர்கள் செய்யும் இன்னொரு தவறு, சனி ஞாயிறு மட்டும் நீண்ட நேரம் நடப்பது. ஒரு முறை பயிற்சி செய்தபின் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை ஓரிரு நாட்களுக்குக் கூடியிருந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியில்லாமல் இருக்க வேண்டாம் என்பதே அவர்களுக்கான பரிந்துரை. இராச்சாப்பாட்டுக்குப் பின் வளவுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உலாவுவதும், சாப்பாட்டுக்குப் பின் சீனி மட்டம் உயர்வதை நன்கு கட்டுப்படுத்துகிறது.

எல்லா நோவையும் ஒன்றாகக் கருதுவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. பழகாத வேலை செய்த தசையில் மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமாகித் தானே தணியும் நோவு சாதாரணமானது. மெதுவான நடையே அதற்கு நல்ல மருந்து. மூட்டுக்குள் வரும் நோவு அத்தகையதன்று. முழங்கால் தேய்மானமுள்ளவர்களுக்கு நடை நல்லதே, ஆனால் நடந்தபின் வந்த நோவு மறுநாளும் நீடித்தால் அல்லது மூட்டு வீங்கினால், அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே அளவுக்கு மீறிய பயிற்சி செய்தவருக்கு, தசைகள் கடுமையாக வீங்கி நொந்து, சிறுநீர் கடும் வெறுந்தேநீர் நிறத்தில் போனால், அது தசையிழையங்கள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியதன் அறிகுறி. தைலம் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் பாரமாக அழுத்துதல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் நோவு, செய்த வேலைக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சித் தேநீர் குடித்துக் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நடை மட்டுமே பயிற்சி என்று எண்ணுவதால் தசைப்பலம் பலரால் கைவிடப்படுகிறது. முப்பதுகளுக்குப் பின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டியவர் தரையிலிருந்து எழக் கை தேடுவதற்கு அதுவே முக்கிய காரணம். இதற்கு ஜிம் தேவையில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கை வைத்து உடலைச் சாய்த்துத் தள்ளுதல், குசினிப் படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகியன கிழமைக்கு இரண்டு நாள் போதும். பாரத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்குவது பிரஷரைச் சடுதியாக ஏற்றும். உயர்த்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். விடியற்காலையில் தனியே வீதிக்குப் போக விரும்பாத பெண்களுக்கும், யானைப் பயமுள்ள படுவான்கரைக் கிராமத்தவருக்கும், ஐப்பசி முதல் தை வரை மழையில் அடைபட்டிருக்கும் எல்லோருக்கும் இவை வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் வழி. முற்றம் கூட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் உடலை அசைக்கின்றன என்பது உண்மை. எனினும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கு உடல் ஏற்கெனவே பழகிவிட்டதால், அதையே காரணம் காட்டிப் பெண்களின் பயிற்சி நேரத்தை மறுப்பது நியாயமன்று. வீட்டிலுள்ள மற்றவர்கள் அரை மணி நேரம் சமையலையோ பிள்ளையையோ பொறுப்பெடுக்க வேண்டும்.

நிறை குறையவில்லை என்று தராசைப் பார்த்து மனம் உடைவதும் தேவையற்றது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் மிதமாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி செலவாகும். நடை முடிந்ததும் கடையில் ஒரு பராட்டாவும் சீனி போட்ட பால் தேநீரும் எடுத்தால் அதைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விடும். நிறை பெரும்பாலும் சோற்றுக் கோப்பையில்தான் குறையும். நடையின் பலன் வேறு இடங்களில் முதலில் தெரிகிறது: நித்திரை, பிரஷர், சீனி மட்டம், மாடிப்படி ஏறும்போது மூச்சு. கிளினிக் கொப்பியில் மூன்று மாதத்துக்கு முந்திய எண்களோடு ஒப்பிட்டால் போதும், தராசில் நாள்தோறும் ஏற வேண்டியதில்லை.

கடைசியாக, இடைவெளி விழும்போது செய்யும் தவறு. கலியாண வீடு, கோயில் திருவிழா, பிள்ளையின் பரீட்சை, வெள்ளம், காய்ச்சல் என்று ஏதோ ஒன்று தொடர்ச்சியை முறிக்கும். விட்ட நாட்களை ஈடுசெய்ய இரு மடங்கு நடப்பதும், "இனி என்ன" என்று முழுவதுமாகக் கைவிடுவதும் ஒரே அளவு தவறானவை. காய்ச்சல் உள்ளபோது பயிற்சி வேண்டாம், ஏனெனில் சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையையும் தாக்கக்கூடும். டெங்குக் காய்ச்சலுக்குப் பின் வைத்தியர் அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மற்றபடி இரண்டு கிழமைக்கு மேல் நின்றுபோனால், நிறுத்திய நேரத்தின் பாதியிலிருந்து தொடங்கி, முதன்முறையைப் போலவே கிழமைக்குச் சில நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டு போகலாம். இம்முறை பழைய அளவை எட்டுவதற்கு முன்னளவு காலம் எடுக்காது.